வேப்பிலை போட்டு வைத்த சீனி

போன வாரம் இளம் சுங்க முகவர்களான நீங்கள் ஐந்து பேரும் வீட்டுக்கு வந்திருந்தபோது, "உங்க அனுபவத்துல பெரிய கேஸ் எது சார்?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். நான் வழக்கம்போலச் சீனி லாரிக் கதையைச் சொன்னேன். அதில் நான்தான் கதாநாயகன். ஓய்வு பெற்றவனிடம் கதை கேட்டால் அப்படித்தான் வரும். நீங்கள் காபி குடித்துவிட்டுப் போன பிறகு, சொல்லாமல் விட்ட கதைதான் உங்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

சுங்க முகவர் தொழிலின் அன்றாட வேலைகளை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தப் படிவம், எந்தக் கட்டம் என்பதெல்லாம் இப்போது கணினியே கேட்டு வாங்கிக்கொள்கிறது. நான் முப்பத்தைந்து வருஷம் கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் பஸ்ஸில் போய்வந்து கையால் எழுதியவன். கணினி கேட்காத ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் சீனி. அரசாங்கம் அடிக்கடி மனசு மாற்றிக்கொள்கிற சரக்கு அது. கரும்பு கூடிப்போன வருஷம், "வெளிநாட்டுக்கு அனுப்புங்கள், வண்டி வாடகைக்கு மானியம் தருகிறோம்" என்று ஆலைகளைத் தாங்கு தாங்கென்று தாங்கும். மறு வருஷம் மழை பொய்த்து விலை ஏறிவிட்டால், "ஒரு மூட்டை கப்பலேறக் கூடாது" என்று அதே வாய் சொல்லும். இறக்குமதி வரியைத் தூக்குவார்கள், திரும்பப் போடுவார்கள், பாதியாக்குவார்கள். இந்தத் தொழிலில் காலையில் படித்த சட்டத்தை மாலையில் இன்னொரு தடவை படித்துக்கொள்ள வேண்டும். வேறு வழியில்லை.

நான் உங்களிடம் சொன்ன லாரிக் கதையும் அப்படி ஒரு தடை வந்த நாளில் நடந்ததுதான். ஆறு லாரி ஏற்றுமதிச் சீனி துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது. எட்டயபுரம் தாண்டி ஒரு லாரிக்காரர் டீ குடிக்க ரோட்டை விட்டு இறக்கினார். முந்தின நாள் மழை. கரிசல் மண் அச்சு வரை விழுங்கிவிட்டது. சக ஓட்டுநர்கள் ஐந்து பேரும் அதை இழுக்க நின்றுவிட்டார்கள். தடை உத்தரவு வந்துவிட்ட செய்தி எனக்கு அப்போதுதான் கிடைத்தது. தடை அமலாகும் முன் சுங்கத்தின் கையில் ஒப்படைத்த சரக்கு மட்டும் போகலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. நான் ஒரு வாடகைக் காரில் போய், மாட்டிய லாரியை அங்கேயே விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் கிளப்பினேன். ஐந்தும் கப்பலேறின. ஆலைக்காரர்கள் எனக்குச் சால்வை போட்டார்கள். அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் சீனி விஷயம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள்.

அந்தச் சால்வை என்னைக் கெடுத்தது. அதற்குப் பிறகுதான் குருசாமியிடம் போனேன்.

குருசாமி கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடுகிறவர். பூர்வீகம் கடம்பூர் பக்கம் ஒரு கிராமம்; மானாவாரி விவசாயக் குடும்பம். பருத்தியிலும் உளுந்திலும் கிடைத்ததைச் சேர்த்து, டவுனில் ஒரு பட்டறை வைத்து, நாற்பது பெண்களுக்கு வேலை கொடுத்திருந்தார். மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் அவர் மிட்டாய் போகும். அவருடைய ஏற்றுமதிக் காகிதம் முழுவதும் என் கையில். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நான் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவார்.

அப்போது ஒரு திட்டம் இருந்தது. இனிப்புப் பண்டம் ஏற்றுமதி செய்கிறவர்கள் வெளிநாட்டுச் சீனியை வரி கட்டாமல் இறக்கிக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்தச் சீனி ஏற்றுமதியாகும் பண்டத்துக்குள் போக வேண்டும். உள்ளூரில் ஒரு கைப்பிடி விற்றாலும் குற்றம். ஒரு கிலோ இனிப்புக்கு இவ்வளவு சீனி என்று அரசாங்கமே ஒரு பொது அளவு போட்டு வைத்திருந்தது. உள்ளூர்ச் சீனி விலை ஏறிக்கிடந்த சமயம். "வலிய வருகிற சலுகையை ஏன் விடணும்?" என்று நானே குருசாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டு வரவில்லை. நான்தான் போனேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"நம்ம மிட்டாய்க்குச் சீனி போடுவீங்கல்லா?" என்று கேட்டேன்.

"போடுவோம் அண்ணாச்சி" என்றார்.

அவ்வளவுதான் என் விசாரணை. எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்கவில்லை. பொது அளவை எடுத்து விண்ணப்பத்தில் எழுதினேன். அவருடைய பட்டறை என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. தினமும் பஸ்ஸுக்குப் போகும்போது அந்த வாசலைத் தாண்டித்தான் போவேன். வெல்லப் பாகு வாசனை ரோடு வரைக்கும் வரும். வெல்ல வாசனை வருகிறதே, சீனி எங்கே என்று ஒருநாள்கூட என் மூக்கு கேட்கவில்லை.

சீனி வந்து இறங்கியது. கையெழுத்து வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னேன்: "இதை வெளிய விக்கப்பிடாது, அண்ணாச்சி. ஒரு மூட்டைகூட." அவர் தலையை ஆட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு முறை மிட்டாய் கப்பலேறும்போதும், இத்தனை கிலோ மிட்டாயில் இத்தனை கிலோ வரியில்லாச் சீனி போனது என்று எழுதிக்கொண்டே வந்தேன். காகிதத்தில் சீனி முழுவதும் கடல் கடந்துவிட்டது. கணக்கை முடிக்கும் நேரம் வந்தது. முடிக்கும் முன் சுங்க அதிகாரி நேரில் பட்டறைக்கு வந்து பார்ப்பார் என்று கடிதம் வந்தது. இரண்டு நாள் இருந்தது.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவருடைய குடோனுக்குள் போனேன்.

கதவைத் திறந்ததும் வேப்பிலை வாசனை. பனஞ்சட்டங்கள் பரப்பி, அதன்மேல் மூட்டைகள், வரிசைக்கு வரிசை இடையில் காய்ந்த வேப்பிலை. விதைப் பருத்தியையும் உளுந்தையும் எப்படி அடுக்குவார்களோ அப்படி. வந்த சீனியில் முக்கால்வாசிக்கு மேல் தையல் பிரிக்காமல் இருந்தது.

"மாசம் ஒருவாட்டி புரட்டிப் போடுதோம் அண்ணாச்சி. ஒரு மூட்டை கட்டி தட்டல" என்றார் குருசாமி. அவர் முகத்தில் ஒரு திருப்தி. நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தார்.

"ஏன் போடல?" என்றேன்.

"பாகு காய்ச்சுத மாஸ்டர் ஒரு கைக்கு மேல போட விடமாட்டாரே. சீனி கூடுனா பாகு வெளுத்துரும், பல்லுல ஒட்டும்னுவாரு. மலேசியாக்காரவியளும் வெல்ல மிட்டாய்தான் கேக்காவ. மிஞ்சுனத அடுத்த பருவத்துக்கு வச்சுக்கிடுவோம்னு வச்சிருக்கேன். மானிய உரம் அப்படித்தான வைப்போம்?"

அவருக்கு எல்லாமே அப்படித்தான். சர்க்கார் கொடுத்தது விதையோ உரமோ சீனியோ, வேண்டியதைப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும். வானம் பார்த்த பூமிக்காரனுக்கு மிச்சம் வைப்பது பெருமை. சட்டத்தின் கண்ணில் அந்த மிச்சம்தான் குற்றம். கப்பலில் போனதாக நான் எழுதிய சீனி கோவில்பட்டியில் வேப்பிலைக்கு நடுவில் சுகமாக உட்கார்ந்திருந்தது.

இப்போது கேளுங்கள், நான் என்ன செய்தேன் என்று. ஒரு தரகரை எனக்குத் தெரியும். லாரி கொண்டுவந்து அன்றே அள்ளிக்கொண்டு போய்விடுவார். குடோன் காலியானால் காகிதமும் குடோனும் ஒத்துப்போகும். வரியில்லாச் சீனி இறக்கிய பலரும் முதல் நாளிலேயே செய்த காரியம் அது. "வித்துருவோம் அண்ணாச்சி. நான் லாரிக்குச் சொல்லுதேன்" என்றேன்.

குருசாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்கதான விக்கப்பிடாதுன்னு சொன்னீங்க?"

"அது அப்பம். இப்பம் நிலைமை வேற."

"அதிகாரி வாரதுனால வேறயா?"

அவர் கதவைச் சாத்தினார். "வரட்டும் அண்ணாச்சி. களவாங்கலையே நாம. இருக்கத காட்டுவோம்" என்றார்.

இருப்பதைக் காட்டினால் என்ன ஆகும் என்று விளக்கினேன். வரி ஏய்ப்பு என்று எழுதினால் அபராதம் பல மடங்கு வரும், ஏற்றுமதி உரிமம் போகும், பட்டறையை மூட வேண்டியதுதான் என்றேன். நாற்பது பெண்கள் என்று அவர் வாயிலிருந்து மெதுவாக வந்தது. ஆனாலும் லாரி வேண்டாம் என்பதில் மாறவில்லை. என் உரிமமும் போகும் என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அதை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். கோபம் கோபமாக வந்தது. அந்த மனுஷன் ஒரு திருடனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். வெட்கக்கேடான நினைப்புதான். ஆனால் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். என் மகள் வயதுப் பெண். வேறு ஊர்க்காரர், தூத்துக்குடிக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. என்னுடைய சர்வீஸில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவன் நான், இந்தப் பெண்ணைப் பேச்சில் சமாளித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு ஓரத்தில் நினைத்திருந்தேன். குடோன் சாவியை எடுத்துக்கொண்டு குருசாமி முன்னால் வந்தார். அதிகாரி, "முதல்ல அடுப்பைப் பார்க்கலாமா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் நான் கேட்காத கேள்வி.

பாகு கொதித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, தட்டில் எறிந்தார். டங்கென்று சத்தம் கேட்டது. "பதம் வந்துட்டு" என்று கடலையைக் கொட்டினார். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல சீனி எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டார்.

"ஒரு கை போடுவேன் மேடம். பளபளப்புக்கு. அதுக்கு மேல போட்டா அது மிட்டாயே இல்ல."

மாஸ்டர் பெருமையாகத்தான் சொன்னார். அதிகாரி கையிலிருந்த என் காகிதங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குருசாமியைப் பார்க்கவில்லை.

"குடோனுக்கு அப்புறம் போகலாம் சார். இங்க எனக்கு இன்னும் அரை மணி நேரம் வேலை இருக்கு" என்றார். "நீங்க ஏதாவது எழுதிக் கொடுக்கணும்னா அதுக்குள்ள கொடுத்துடுங்க. குடோனைத் திறந்துட்டா அப்புறம் நான்தான் எழுதணும்."

அவ்வளவுதான் சொன்னார். அவர் கண்டுபிடிக்கும் முன் நாமே எழுதி ஒப்புக்கொண்டால் வரி ஏய்ப்பு என்று ஆகாது, அபராதமும் வராது. அந்த அரை மணி நேரத்தைச் சட்டம் கொடுக்கவில்லை, அவர் கொடுத்தார். வேலை இருக்கிறது என்று சொன்னவர், மிட்டாயை உருளையால் தேய்த்துத் துண்டு போடுகிற பெண்களிடம் போய் ஊர் பேர் விசாரித்துக்கொண்டு நின்றார்.

முன்னறையில் குருசாமியின் மகள் சரசுவதி இருந்தாள். கல்லூரி முடித்துவிட்டு அப்பாவுக்குத் துணையாக அலுவலக வேலை பார்த்தாள். அவளிடம் தாள் வாங்கி உட்கார்ந்தேன். கை தானாக எழுதியது. "ஏற்றுமதியாளர் எங்களுக்கு அளித்த விவரங்களின் அடிப்படையில்" என்று இங்கிலீஷில் முதல் வரி. நம் தொழிலில் எல்லாக் கடிதமும் அப்படித்தான் ஆரம்பிக்கும். நீங்களும் அந்த வரியைப் பழகியிருப்பீர்கள். அந்த ஒரு வரி போதும், தப்பு எதுவாக இருந்தாலும் கட்சிக்காரருடையது, முகவர் வெறும் தபால்காரன் என்று ஆகிவிடும். சீனியின் அளவைத் தவறாகச் சொன்னது ஏற்றுமதியாளர், மிச்சத்தை மறைத்தது ஏற்றுமதியாளர், இப்போது மன்னிப்புக் கேட்பது ஏற்றுமதியாளர். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். நல்ல இங்கிலீஷ்.

குருசாமி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தாளை நீட்டினேன். அவர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எங்கன போடணும் அண்ணாச்சி?"

நான் அடியில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்தார். பேனா முனை தாளில் பட்டுவிட்டது. ஒரு புள்ளி மை. அவர் விரலிடுக்கில் வெல்லம் காய்ந்திருந்தது. தன்னைத் திருடன் என்று நான் எழுதிய தாளில் அந்த மனுஷன் நல்ல எழுத்தாகப் போட வேண்டுமே என்று கவனமாகப் போடப் போகிறார்.

"இருங்க" என்றேன். "ஒரு தப்பு இருக்கு. மாத்தி எழுதுதேன்."

தாளை வாங்கிக் கசக்கிக் கூடையில் போட்டேன். சரசுவதி இன்னொரு தாள் கொடுத்தாள். மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. இந்த முறை அழகான இங்கிலீஷ் வரவில்லை. பட்டறையைப் பார்க்காமலேயே சீனியின் அளவைப் போட்டவன் நான். ஒவ்வொரு ஏற்றுமதியிலும் அதையே திருப்பி எழுதியவனும் நான். மிச்சச் சீனி முழுவதும் விற்கப்படாமல் குடோனில் இருக்கிறது. அதற்கான வரியை வட்டியோடு கட்ட ஏற்றுமதியாளர் தயாராக இருக்கிறார். நான்கே வரி. முதல் கையெழுத்து என்னுடையது. அதன் கீழே குருசாமி போட்டார்.

அதிகாரி நின்றுகொண்டே படித்தார். "உங்க லைசென்ஸுக்குப் பிரச்சினை வரும். தெரியும்ல சார்?"

"தெரியும் மேடம்."

கடிதத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். அப்புறம்தான் குடோனைத் திறக்கச் சொன்னார். வேப்பிலை அடுக்கைச் சுற்றி வந்து மூட்டைகளை எண்ணினார். "வெளிய நல்ல விலை இருந்ததே, ஏன் விக்கலை?" என்று குருசாமியைக் கேட்டார்.

"அண்ணாச்சி விக்கப்பிடாதுன்னு சொன்னாவ" என்றார் குருசாமி.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் நான் வேறு ஒன்றும் சொன்னேன் என்பதை அவர் சொல்லவில்லை.

தாமாகவே முன்வந்து சொன்னார்கள் என்று அதிகாரி எழுதினார். குருசாமிக்கு வரியும் வட்டியும் மட்டும்தான் வந்தது. கஷ்டப்பட்டுத்தான் கட்டினார், ஆனால் பட்டறை ஒரு நாள்கூட நிற்கவில்லை. என் உரிமத்தை ஏழு மாதம் நிறுத்தி வைத்தார்கள். சால்வை போட்ட ஆலைக்காரர்கள் வேறு முகவரிடம் போனார்கள். சக முகவர்கள், "முதல் வரியை எழுதத் தெரியாதவனா நீ?" என்று கேட்டார்கள். தெரியும், எழுதியும் பார்த்தேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏழு மாதம் பஸ் ஏறாமல் வீட்டில் இருந்தேன். பெருந்தன்மையாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். பல நாள் அந்த முதல் தாளையே கொடுத்திருக்கலாமோ என்று இருந்தது.

உரிமம் திரும்பக் கிடைத்த வாரம் குருசாமி ஒரு கட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். வளைகுடாவுக்கு ஒரு சரக்கு போக வேண்டியிருந்தது.

"வேற ஆள் பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

"பாத்தேன். இந்த ஏழு மாசமும் வேற ஒருத்தர்தான் பாத்தாரு. இப்பம்தான் நீங்க வந்துட்டீங்கள்லா?"

அன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "அண்ணாச்சி, அன்னைக்கு நான் மொதல்ல எழுதுன தாள்ல..."

"தெரியும்" என்றார். "கூடையில கெடந்தத எடுத்து மக அன்னைக்கே வாசிச்சுச் சொல்லிட்டா."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டாவது தாள்லதான அண்ணாச்சி நான் கையெழுத்துப் போட்டேன்? அத விடுங்க." பேனாவை எடுத்தார். "இதுல எங்கன போடணும்?"

நான் இடத்தைக் காட்டவில்லை. முதல் வரியிலிருந்து தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் பேனாவைப் பிடித்தபடி கடைசி வரை கேட்டார்.

"வெல்லம்னு எழுதிருக்கீங்களா?"

"எழுதிருக்கேன்."

"சீனி?"

"ஒரு கை."

"அப்பச் சரி" என்று கையெழுத்துப் போட்டார்.